சென்னை வழியில் ஒரு பேருருக் கணவாய்: 1874ஆம் ஆண்டின் ‘பேர்ல்’ செய்தியும் தொலைக்காட்சிக் காலத்து ஆழ்கடல் தேடலும்

ஆய்வுச்சுருக்கம்

கொழும்பிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த நீராவிக் கப்பலின் பயணிகள் கண்முன்னே, வங்கக் கடலில் பாய்மரக் கப்பல் ஒன்றைப் பேருருக் கணவாய் கவிழ்த்து மூழ்கடித்தது என்னும் செய்தியை இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் 1874 சூலை 4ஆம் நாள் வெளியிட்டது. இக்கட்டுரை அச்செய்தியை அகச்சான்றுகளின் துணைகொண்டு சோதிக்கிறது. விலங்கியல் சான்றாக அதனை ஏற்க இயலாது என்றும், கடலைப் பற்றிய காட்சி எவ்வாறு சரக்காகிறது என்பதற்கு அது முதன்மையான ஆவணம் என்றும் கருதுகிறது. உடலின்றிக் காட்சி மட்டும் பேசிய அச்செய்தி, காட்சியின்றி உடல் மட்டும் கிடைத்த அறிவியல் வரலாறு, இரண்டையும் இணைத்த தொலைக்காட்சித் தேடல் ஆகிய மூன்றும் வடசென்னைக் கடற்கரையின் நிலையிலிருந்து நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பேருருக் கணவாய், வங்கக் கடல், பேர்ல், திருகோணமலை, காசிமேடு, காட்டுப்பள்ளி, மத்ஸ்யா 6000

முன்னுரை

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கணவாய்க்குக் கடம்பா என்று பெயர். தென்கடற்கரையிலும் ஈழத்திலும் ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் என மூவகையாகப் பிரித்து வழங்குவர். ஓட்டுக்கணவாயின் உள்ளோடு கடல்நுரை என்னும் பெயரில் சித்த மருத்துவத்தில் இடம்பெற்றுள்ளது. ஆக, தமிழ்க் கடற்கரைக்குக் கணவாய் புதிதன்று. புதிது அதன் பேருரு. இராட்சதக் கணவாய் என்று பொதுவழக்கில் சுட்டப்படும் அந்த உயிரினத்தைத் தமிழர் பெரும்பாலும் தொலைக்காட்சி வழியாகவே அறிந்தனர். டிஸ்கவரி அலைவரிசை 1995இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர்த் தமிழொலியோடும் கிடைக்கத் தொடங்கியபோது, சப்பானியக் கடலிலும் நியூசிலாந்துக் கடலிலும் நிகழ்ந்த தேடல்கள் நம் வீட்டுக் கூடங்களுக்கு வந்து சேர்ந்தன.

அத்தேடல்களின் முன்கதையில் நம் கடலுக்கும் ஓர் இடம் உண்டு என்பதைத் தமிழில் எழுதப்பெற்ற கடல்சார் வரலாறுகள் அதிகம் கவனித்ததில்லை. கணவாய் கப்பலை மூழ்கடித்ததாக உலகில் மிகுதியும் எடுத்தாளப்படும் செய்திகளுள் ஒன்று, சென்னைக்கு வரும் கடல்வழியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது. அதிலிருந்து இவ்வாய்வு தொடங்குகிறது.

1874ஆம் ஆண்டுச் செய்தி

இந்தியப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பப்பட்ட வியப்பான செய்தி என்னும் முகவுரையோடு ‘டைம்ஸ்’ அதனை வெளியிட்டது. செய்தி இரு குரல்களில் அமைந்துள்ளது. முதற்குரல் ‘ஸ்ட்ராத்தோவன்’ என்னும் நீராவிக் கப்பலில் பயணம் செய்த ஒருவருடையது. கொழும்பை விட்டு, காலி முனையைச் சுற்றி, சென்னையை நோக்கி அமைதியான கடலில் கப்பல் சென்றுகொண்டிருந்தது. மே 10ஆம் நாள், கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்பு, இரண்டு மைல் தொலைவில் சிறிய பாய்மரக் கப்பல் ஒன்று காற்றின்றி நின்றது. அதற்கும் நீராவிக் கப்பலுக்கும் இடையே நீளமான, தாழ்ந்த, கடற்பாசித் திட்டுப் போன்ற ஒரு பொருள் மிதந்தது. அது நகர்ந்தது, பாய்மரக் கப்பலை முட்டியது, கப்பல் ஆடி நிமிர்ந்து, பின்னர்ப் பக்கவாட்டில் சாய்ந்து மூழ்கியது. படகுகள் இறக்கப்பட்டு, நீந்திக்கொண்டிருந்த ஐவர் மீட்கப்பட்டனர்.

இரண்டாம் குரல் மூழ்கிய ‘பேர்ல்’ கப்பலின் தலைவர் சேம்ஸ் ஃபிளாய்டுடையது. 150 டன் கொள்ளளவுள்ள அக்கப்பல் மொரீசியசிலிருந்து சரக்கின்றி இரங்கூனுக்குச் சென்று நெல் ஏற்றித் திரும்பவிருந்தது. தண்ணீருக்காகக் காலித் துறைமுகத்தில் நின்று, அங்கிருந்து புறப்பட்ட மூன்றாம் நாள், வட அகலக்கோடு 8 பாகை 50 கலை, கிழக்கு நெடுங்கோடு 84 பாகை 5 கலை என்னும் இடத்தில் காற்றின்றி நின்றது. அரை மைல் தொலைவில் பெரிய பிண்டம் ஒன்று நீரின்மேல் எழுந்தது. தலைவர் துப்பாக்கியால் சுட்டார். சுட வேண்டா, அது கணவாய், புண்பட்டால் நம்மைக் கவிழ்த்துவிடும் என்று டார்லிங் என்னும் மாலுமி முன்னரே எச்சரித்திருந்தார். அவர் சொன்னவாறே நடந்தது. அடிமரம் போன்ற கைகள் கப்பலின் விளிம்பைப் பற்றின, மாலுமிகள் கோடரிகளோடு ஓடினர், கப்பல் கவிழ்ந்தது.

கதையின் கட்டமைப்பு நேர்த்தியானது. தொலைவிலிருந்து கண்டவரின் சாட்சியமும் அருகிலிருந்து பிழைத்தவரின் சாட்சியமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நீதிமன்றத்தில் இரு சாட்சிகள் ஒத்துப்போவது வழக்கை வலுப்படுத்தும். பத்திரிகைச் செய்தியில் அவ்வாறு ஒத்துப்போவது எதையும் நிறுவுவதில்லை. இரு சாட்சியங்களும் ஒரே தாளில் ஒரே வழியாக வந்தவை.

அகச்சான்றுகள்

செய்தி தரும் இருப்பிடத்தை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் முதல் இடர்ப்பாடு புலப்படும். அவ்விடம் திருகோணமலைக்குக் கிழக்கே 150 கடல்மைலுக்கும் அப்பால் உள்ளது. காலியிலிருந்து இரங்கூன் செல்லும் பாய்மரக் கப்பலுக்கு அது பொருத்தமான இடம். மூன்று நாள் பயணத் தொலைவும் ஒத்துவருகிறது. ஆனால் கொழும்பிலிருந்து சென்னைக்கு வரும் நீராவிக் கப்பல் இலங்கையின் தென்கிழக்கு முனையைச் சுற்றியபின் ஏறத்தாழ 82ஆம் நெடுங்கோட்டை ஒட்டி வடக்கே திரும்பும். நிலக்கரி செலவாகும் கப்பலை அதன் வழியிலிருந்து 100 கடல்மைலுக்கும் மேல் கிழக்கே கொண்டுசெல்லக் காரணம் வேண்டும். செய்தியில் காரணம் எதுவும் இல்லை. ‘பேர்ல்’ தன் வழியில் இருக்கிறது. அதனைக் கண்டதாகச் சொல்லும் சாட்சியோ தன் வழியில் இல்லை.

அடுத்தது மாலுமியின் ஊர். கணவாயை இனங்கண்டு எச்சரித்த டார்லிங் நியூபவுண்ட்லாந்தைச் சேர்ந்தவர் என்று செய்தி குறிப்பிடுகிறது. இக்குறிப்பு தற்செயலானதன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1873 அக்டோபரில் நியூபவுண்ட்லாந்தின் போர்த்துகல் கோவ் அருகே மீனவர் படகொன்றைப் பேருருக் கணவாய் தாக்கியது. வெட்டி எடுக்கப்பட்ட அதன் பற்றுகையைப் பாதிரியார் மோசசு ஆர்வி பெற்றார். அடுத்த மாதமே லோகி விரிகுடாவில் ஏரிங் மீன்வலையில் சிக்கிய முழுக் கணவாயை 10 டாலருக்கு வாங்கி, குளியல்தொட்டிக்கு மேலிருந்த கம்பியில் அதன் தலையையும் கைகளையும் தொங்கவிட்டு ஒளிப்படம் எடுக்கச் செய்தார். இச்செய்திகள் 1874இன் தொடக்க மாதங்களில் ஆங்கில இதழ்களில் பரவின. மே மாதத்தில் வங்கக் கடல் கதைக்குள் ஒரு நியூபவுண்ட்லாந்துக்காரர் வந்து நின்று, இது கணவாய் என்கிறார். பத்திரிகை படித்த எவரும் அன்று அதனை நம்பியிருப்பர். கதை புனைந்தவருக்கும் அது தெரிந்திருக்கும்.

இனி உயிரினத்தின் உடல். பேருருக் கணவாயின் பெண் பற்றுகைகளோடு சேர்த்து ஏறத்தாழ 12 முதல் 13 மீட்டர் நீளம் வரை வளரும். எடை 275 கிலோ அளவை எட்டும். அஃதாவது நன்கு வளர்ந்த மனிதர் நால்வரின் எடை. கப்பலின் 150 டன் என்பது எடையளவு அன்று, கொள்ளளவு என்பதை நினைவில் கொண்டாலும், அத்தகைய கப்பலின் ஒரு பக்கத்தில் நால்வர் ஏறி நின்றால் அது கவிழ்வதில்லை. மேலும் அவ்வுயிரினத்தின் தசைகளில் அம்மோனியம் குளோரைடு நிறைந்துள்ளது. நீரில் மிதந்து நிற்க அது உதவும். கப்பலை இழுக்கும் வலிமையை அது தராது. அதன் குருதி குளிர்நீரில்தான் உயிர்வளியைச் செம்மையாகச் சுமக்கும் என்று உடலியலார் காட்டியுள்ளனர். மே மாதத்து வங்கக் கடலின் மேல்நீர் 30 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பமுடையது. அந்நீரில் எழுந்து, குண்டடி பட்டு, அரை மைல் விரைந்து வந்து, கப்பலேறிப் போரிடுவது நடக்கக்கூடியதன்று.

அக்காலத்தில் சென்னைக்கு வரும் கப்பல்களை உண்மையில் அழித்தது எது என்பதும் கருதத்தக்கது. 1874இல் சென்னையில் துறைமுகம் இல்லை. கட்டுமானம் அடுத்த ஆண்டுதான் தொடங்கியது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, பயணிகளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகடந்து கரைசேர்ந்தனர். இராயபுரத்தில் 1856 முதல் தொடர்வண்டி நிலையம் இருந்தும், அதனை அடுத்த கடற்கரையில் கப்பல் அணையும் துறை இல்லை. 1872 மே மாதப் புயல் சென்னைக் கடலில் நின்ற கப்பல்களைக் கரையில் மோதிச் சிதைத்தது. மே மாதத்தில் வங்கக் கடலில் கப்பல் மூழ்குவது அன்று அரிய நிகழ்வன்று. அதற்குக் காற்று காரணமானால் அது காப்பீட்டுக் கணக்கில் ஒரு வரி. கணவாய் காரணமானால் இலண்டன் நாளிதழில் ஒரு பத்தி.

உடல் உண்டு, காட்சி இல்லை

பேருருக் கணவாயைப் பற்றிய அறிவியல் வளர்ந்த வழி இதற்கு நேர்மாறானது. டென்மார்க்கின் யாபெட்டசு சுடீன்சுட்ரப் 1857இல் ஆர்க்கிடூத்திசு என்னும் பேரினப் பெயரை நிறுவியபோது அவர் உயிருள்ள கணவாயைக் கண்டிருக்கவில்லை. கரையொதுங்கிய உடலின் அலகும் பழைய ஏடுகளின் குறிப்புகளுமே அவருக்குக் கிடைத்தவை. 1861இல் கனேரித் தீவுகளருகே ‘அலெக்தோன்’ என்னும் பிரெஞ்சுக் கப்பலின் மாலுமிகள் மிதந்த கணவாயின் வால்துண்டையே கரைக்குக் கொண்டுவந்தனர். சூல் வெர்னின் புகழ்பெற்ற கடற்புதினம் (1869-70) அந்நிகழ்வையே எடுத்தாண்டது.

இருபதாம் நூற்றாண்டில் மிகச் சிறந்த தரவுகள் எண்ணெய்த் திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து வந்தன. கணவாயின் உடல் முழுதும் செரித்தாலும் அதன் கொம்புப்பொருளாலான அலகு செரிப்பதில்லை. மால்கம் கிளார்க் போன்றோர் திமிங்கில வயிறுகளில் திரண்ட அலகுகளை எண்ணி அளந்து, வலைக்கும் தூண்டிலுக்கும் சிக்காத கணவாய்களின் பருமனைக் கணக்கிட்டனர். அம்பர் என்றும் மீனம்பர் என்றும் நம் மருத்துவ நூல்கள் வழங்கும் பொருளும் இத்தொடர்பினதே. எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் திரளும் அம்பர்க் கட்டியை உடைத்தால் உள்ளே கணவாய் அலகுகள் பதிந்திருப்பதைக் காணலாம். இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதனை வைத்திருத்தலே குற்றம். செய்தித்தாள்கள் திமிங்கில வாந்தி என்று தலைப்பிடும் அப்பொருள்தான், ஆழ்கடல் கணவாய் தமிழ்க் கடற்கரைக்கு விட்டுச்சென்ற மிகப் பழைய உடற்சான்று. நம் இலக்கிய மரபு அறிந்த திமிங்கிலமும் அதனையே விழுங்கும் திமிங்கிலகிலமும் வாயால் அச்சுறுத்துபவை. கைகளால் அச்சுறுத்தும் கடல்விலங்கு அம்மரபில் முதன்மை பெறவில்லை என்பதையும் இவ்விடத்தில் சுட்டலாம்.

வங்கக் கடலின் ஆழத்தை முறையாகத் துழாவியது இந்தியக் கடலாய்வுப் பிரிவின் ‘இன்வெசுடிகேட்டர்’ கப்பல். 1881இல் பம்பாயில் கட்டப்பட்ட அக்கப்பலில் ஆல்பிரடு ஆல்காக் 1888 முதல் 1892 வரை மருத்துவ-இயற்கையியலராகப் பணியாற்றினார். தம் பட்டறிவை 1902இல் நூலாக்கினார். அக்கப்பலின் இழுவலைகளில் கிடைத்த தலைக்காலிகளை குட்ரிச்சு 1896இலும், கல்கத்தா அருங்காட்சியகத் தொகுப்பை அன்னி மாசி அம்மையார் 1916இலும் விவரித்தனர். இவை சிற்றுருக் கணவாய்கள். சாராயப் புட்டிகளில் அடங்குபவை. ‘பேர்ல்’ கதை படித்த அளவுக்கு இவ்வறிக்கைகளைப் படித்தோர் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் வங்கக் கடலின் ஆழத்தில் கணவாய் இனங்கள் வாழ்கின்றன என்பதற்கு இவையே சான்று. விடுதலைக்குப் பின் வீரபத்திர ராவ் பாக்கு நீரிணைக் கணவாயைப் பற்றி 1954இல் எழுதிய ஆய்வும், சைலசு பதிப்பித்து மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் வெளியிட்ட தலைக்காலித் தொகுப்பும் இம்மரபின் தொடர்ச்சி. இவற்றின் கேள்வி, எவ்வளவு பெரிது என்பதன்று. எப்போது முட்டையிடும், எந்த ஆழத்தில் கூடும், எவ்வளவு பிடிக்கலாம் என்பனவே.

திருகோணமலையிலிருந்து தொலைக்காட்சிக்கு

செய்தித்தாளிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் பாலத்தில் நிற்பவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த இவ்வறிவியல் புனைகதையாளர், மைக் வில்சனுடன் திருகோணமலைக் கடலில் மூழ்கித் திருக்கோணேசுவரத்தின் கடலடி எச்சங்களைக் கண்டவர் என்ற அளவில் தமிழாய்வாளருக்கு அறிமுகமானவர். அவருடைய 1957ஆம் ஆண்டுப் புதினம் ‘தி டீப் ரேஞ்சு’ பேருருக் கணவாயைப் பிடிக்கும் முயற்சியைக் காட்டுகிறது. 1960களில் எழுதிய ‘தி சைனிங் ஒன்சு’ என்னும் சிறுகதையோ திருகோணமலைக் கடலிலேயே நிகழ்கிறது. ஆழ்கடல் நீரின் குளிரையும் மேல்நீரின் வெப்பத்தையும் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையத்தைப் பேருருக் கணவாய்கள் பாழாக்குகின்றன. அவை தம் உடலில் ஒளிகாட்டிப் பேசிக்கொள்கின்றன. (அத்தகைய மின்நிலையம் ஒன்றைத் தூத்துக்குடிக்கு அப்பால் நிறுவச் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் முயன்றது. அங்கு இடர் தந்தது கணவாயன்று. நீளமான குளிர்நீர்க் குழாயே.)

‘பேர்ல்’ செய்தி கூறும் அகலக்கோடும் திருகோணமலையின் அகலக்கோடும் ஏறக்குறைய ஒன்றே. கிளார்க் அதனைக் கருதியே களத்தைத் தேர்ந்தார் என்று சொல்லிவிட முடியாது. திருகோணமலை அவர் மூழ்கிய இடம் என்பதே போதிய காரணம். ஆயினும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. 1874இல் கணவாய் கடலின் மேல் வந்து மனிதரைக் கண்டது. கிளார்க்கின் கதையில் மனிதர் ஆழத்திற்கு இறங்கிக் கணவாயைக் காண்கிறார். 1980இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் கிளார்க் இலங்கையிலிருந்து வழங்கிய தொடரின் ஒரு பகுதி ஆழ்கடல் விலங்குகளுக்கு ஒதுக்கப்பட்டது. அந்நாளில் தொலைக்காட்சியிடம் கணவாயின் அசைபடம் இல்லை. பழைய ஓவியங்களும் கரையொதுங்கிய உடல்களும் சாட்சிகளின் முகங்களுமே காட்சியாயின. ‘டைம்ஸ்’ செய்தியின் இலக்கணத்தைத் தொலைக்காட்சி அப்படியே ஏற்றுக்கொண்டது: விலங்கு இல்லாத இடத்தில் சாட்சியைக் காட்டுதல்.

சிவப்பொளி

1990களில் சுமித்சோனியன் நிறுவனத்தின் கிளைடு ரோப்பர் நடத்திய தேடல்களே தொலைக்காட்சிக்கு இத்துறையில் பெரும் ஈர்ப்பைத் தந்தன. எண்ணெய்த் திமிங்கிலத்தின் முதுகில் ஒளிப்படக் கருவி பொருத்தப்பட்டது. நியூசிலாந்தின் கைக்கூராப் பள்ளத்தில் 1999இல் நீர்மூழ்கி ஊர்தி இறக்கப்பட்டது. கணவாய் அகப்படவில்லை. நிகழ்ச்சிகளோ வெளிவந்தன. தேடலே நிகழ்ச்சியாகலாம், பொருள் கிடைக்க வேண்டியதில்லை என்பதைத் தொலைக்காட்சி அன்று கற்றுக்கொண்டது.

திருப்பம் ஆரவாரமற்ற ஒரு முறையிலிருந்து வந்தது. சப்பானின் சுனெமி குபோடெராவும் கியோயிச்சி மோரியும் ஒகசவாராத் தீவுகளருகே, திமிங்கிலங்கள் கூடும் இடத்தில், இரைகட்டிய தூண்டில் கயிற்றில் ஒளிப்படக் கருவியைத் தொங்கவிட்டனர். ஊர்தியோ உயிர்ப்போராட்டமோ இல்லை. அடிப்படையில் இது மீனவர் முறை. 2004 செப்டம்பர் 30ஆம் நாள் 900 மீட்டர் ஆழத்தில் கணவாய் இரையைப் பற்றியது. 500க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் பதிவாயின. தூண்டிலில் சிக்கி அறுந்த 5.5 மீட்டர்ப் பற்றுகையும் கிடைத்தது. காட்சியும் உடலும் ஒரே நிகழ்வில் ஒருங்கே கிடைத்தமை இதன் சிறப்பு. ஆய்வேடு 2005இல் வெளியாயிற்று.

அசைபடம் 2012இல் வந்தது. சப்பானின் என்எச்கே, டிஸ்கவரி ஆகிய நிறுவனங்களின் கூட்டுமுயற்சியில் குபோடெரா, எடித் விடர், ஸ்டீவ் ஓசே ஆகிய மூவரும் ஒகசவாராக் கடலில் தேடினர். ஏறத்தாழ 100 முறை இறங்கி, 400 மணிநேரம் ஊர்தியில் கழிந்ததாகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. ஆனால் முதலில் கணவாயைப் பதிவுசெய்தது மனிதர் அமர்ந்த ஊர்தியன்று. விடர் வடிவமைத்த ‘மெடூசா’ என்னும் கருவி உந்துபொறியின் இரைச்சலின்றிக் கயிற்றில் தொங்கியது. ஆழ்கடல் உயிர்களின் கண்ணுக்குப் புலப்படாத சிவப்பொளியை அது பயன்படுத்தியது. இடருற்ற சொறிமீன் எழுப்பும் நீல உயிரொளியைப் போன்ற மின்விளக்குச் சுழலைத் தூண்டிலாகக் காட்டியது. அதன் பின்னரே குபோடெரா ஊர்தியில் அமர்ந்து, 630 மீட்டர் ஆழம் முதல் 900 மீட்டர் வரை இறங்கிச்சென்ற கணவாயைக் கண்ணால் கண்டார். 2013 சனவரியில் இரு அலைவரிசைகளும் அதனை ஒளிபரப்பின.

அதற்கு முன் பல ஆண்டுகள் கணவாய் அகப்படாமைக்கு அதன் அருமை மட்டும் காரணமன்று, தேடியவர்களின் வெள்ளொளியும் இரைச்சலுமே அதனை விரட்டியிருக்கலாம் என்பது விடரின் வாதம். 2019 சூனில் அதே முறை மெக்சிகோ வளைகுடாவில் 759 மீட்டர் ஆழத்தில் இளங்கணவாய் ஒன்றைப் பதிவுசெய்தபோது அவ்வாதம் வலுப்பெற்றது. பேருருக் கணவாயினும் எடைமிக்க தென்கடல் கணவாய், 1925இல் பெயரிடப்பட்டுச் சரியாக நூறாண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில் தென் சாண்ட்விச் தீவுகளருகே ஆளில்லா ஊர்தியின் கருவியில் அகப்பட்டது. அது 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குஞ்சு. கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடல். கப்பலைக் கவிழ்க்கும் கைகளை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம், உயிரியலாருக்குப் புதையல்.

காசிமேடும் காட்டுப்பள்ளியும்

மேற்சொன்ன வரலாற்றை வடசென்னையிலிருந்து நோக்கும்போது அதன் இன்னொரு முகம் தெரிகிறது. சென்னைக்கு நேரே கண்டத்திட்டு குறுகலானது. கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளேயே கடலடி செங்குத்தாக இறங்கத் தொடங்குகிறது. காசிமேட்டு இழுவைப்படகுகளின் கடம்பா பெரும்பாலும் அத்திட்டின் மேலிருந்து வருவது. ஏற்றுமதி நிறுவனங்களின் உறைகூடங்களுக்குச் செல்வது. அது விலையாகவும் எடையாகவும் பதிவாகிறது. ஆழ்கடலோ, திட்டின் விளிம்புக்கு அப்பால், மீனவரின் கணக்கேட்டிலும் இல்லை, நிகழ்ச்சி தயாரிப்பாளரின் திட்டத்திலும் இல்லை.

அந்த ஆழத்திற்கான ஊர்தி வடசென்னைக்கு வந்தது 2025இல். எண்ணூர்க் கழிமுகத்திற்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுக நீரில், சனவரி 27 முதல் பிப்ரவரி 12 வரை, தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘மத்ஸ்யா 6000’ ஆளில்லாமலும் ஆட்களோடும் மூழ்கிச் சோதிக்கப்பட்டது. 2.1 மீட்டர் விட்டமுள்ள கோளத்தில் மூவர் அமர்ந்து 6000 மீட்டர் வரை இறங்குவது நோக்கம். இயல்பான பயணத்திற்கு 12 மணிநேரமும் இடர்நேரத்தில் 96 மணிநேரமும் தாங்கும் ஏற்பாடு உண்டு. ஆளில்லா ஊர்தியான ‘ரோசப் 6000’ஐ அந்நிறுவனம் 2010இலேயே இந்தியப் பெருங்கடலில் 5289 மீட்டர் ஆழத்திற்கு அனுப்பியிருந்தது. 2025 ஆகத்திலோ, பயிற்சிக்காகப் பிரான்சின் ‘நாட்டில்’ ஊர்தியில் இந்தியர் இருவர் அட்லாண்டிக்கில் 4025 மீட்டருக்கும் 5002 மீட்டருக்கும் இறங்கித் திரும்பினர்.

இத்திட்டம் கணவாயைத் தேடுவதன்று. 2021இல் 4077 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின் முதன்மையான ஈர்ப்பு, நடு இந்தியப் பெருங்கடல் படுகையில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட 75,000 சதுரக் கிலோமீட்டரில் கிடக்கும் பல்லுலோக முடிச்சுகள். உயிர்ப்பன்மை ஆய்வும் திட்டத்தின் ஓர் உறுப்புத்தான். எந்த உறுப்புக்கு எத்தனை மணிநேரம் ஒதுக்கப்படும் என்பதே இனிவரும் வரலாற்றின் வினா. உலோக முடிச்சைத் தேடும் ஊர்திக்கு வெள்ளொளியும் உந்துபொறியும் தடையல்ல, முடிச்சு ஓடிப்போவதில்லை. உயிர்களைக் காண அதே ஊர்தி விளக்கணைத்துக் காத்திருக்க வேண்டும். தோண்டத் தொடங்கும் முன் காத்திருக்கவில்லையெனில், அங்கு என்ன இருந்தது என்பதைப் பின்னர் அலகுகளை எண்ணியும் அறிய முடியாது.

இக்கடற்கரையைத் தொலைக்காட்சி எப்போது காட்டியது என்பதையும் உடன்வைத்துப் பார்க்கலாம். 2017 சனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்ப் பாறைகளின்மேல் வாளிகளால் எண்ணெய் அள்ளப்பட்ட காட்சி நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது ஒளிப்படக் கருவிகள் மீண்டும் வந்தன. இடைப்பட்ட நாட்களில் கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிப்போரும், கொசத்தலையாற்றின் ஆழம் எந்த ஆண்டில் எவ்வளவு தூர்ந்தது என்பதைக் காலால் அளந்து அறிந்தோரும் காட்சியாவதில்லை. 6000 மீட்டர் ஆழத்திற்குச் செல்லும் ஊர்தி சோதிக்கப்பட்ட இடத்தின் பக்கத்திலேயே, ஒரு மனிதர் இடுப்பளவு நீரில் நின்று கடலைப் பற்றித் திரட்டிய அறிவு பதிவின்றிக் கிடக்கிறது. இவ்வறிவு ‘பேர்ல்’ செய்தியைப் போன்ற சாட்சியமன்று. நாள்தோறும் பிடிபாட்டால் சரிபார்க்கப்படுவது.

மேலாய்வுக்கான குறிப்பு

‘பேர்ல்’ செய்தியைச் சோதிக்கும் ஆவணங்கள் இலண்டனில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. மீட்கப்பட்டவர்களை ஏற்றிய கப்பல் சென்னைக்கு வந்ததாகவே செய்தி உணர்த்துகிறது. அவ்வாறாயின் அவர்கள் 1874 மே நடுவில் மசூலாப் படகில் இங்குக் கரையிறங்கியிருக்க வேண்டும். கப்பலிழந்த மாலுமிகளின் வாக்குமூலமும், அவர்களை ஊர் அனுப்பிய செலவும் துறை அதிகாரியின் ஏடுகளில் இடம்பெறுவது அக்கால நடைமுறை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தின் 1874ஆம் ஆண்டுக் கடல்துறை நடவடிக்கைகளும், அவ்வாண்டு மே, சூன் மாதங்களின் ‘மெட்ராஸ் மெயில்’ இதழில் வெளியான கப்பல் வரவுப் பட்டியலும் இதற்கு உரியவை. வரவுப் பட்டியலில் ‘ஸ்ட்ராத்தோவன்’ வந்த நாளை முதலில் பார்க்க வேண்டும். மே 10ஆம் நாள் மாலையில் 84ஆம் நெடுங்கோட்டில் இருந்த நீராவிக் கப்பல் அன்றைய வேகத்தில் சென்னையை அடைய ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும்.